கூரைக்கு வேறு ஆள் வேண்டாம்

சிம்பாங் பூலாய்,
ஈப்போ,
16 மார்ச் 2025

அன்புள்ள பிரமிளா,

நாங்கள் இங்கே சுகம். என் வீட்டுக்காரருக்கு முட்டிவலி இருந்தாலும் லோரியை விடமாட்டேன் என்கிறார். நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் ஆரம்பித்துவிட்டதா?

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ ஏதோ என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் கைப்பேசியை எடுத்துத் தம்பி படித்துவிடுவான். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். எனக்கு உன்னிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. தம்பி பெண்டாட்டியாக வந்த நாளிலிருந்து நீயும் நானும் தனியாகப் பேசியதே இல்லை, அது வேறு கதை.

என் சமையல் தொழில் உனக்குத் தெரியும். கல்யாணச் சாப்பாடு, காதுகுத்து, தீபாவளிப் பலகாரம் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான். போன மாதம் நகராட்சிக் கவுன்சிலிலிருந்து ஓர் ஆள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அக்டோபர் நடுவில் திரும்ப வருவாராம். அதற்குள் நாலு சுவரும் சரியான கூரையும் உள்ள சமையற்கட்டு இருந்தால் லைசென்ஸ். இல்லையென்றால் அடுப்பை அணைத்துவிட்டு நான் சும்மா உட்கார வேண்டியதுதான். தீபாவளி அதே மாதம் இருபதாம் தேதி. நான் சும்மா உட்காருகிற ஜாதியா, நீயே சொல்.

பின்புறம் கட்ட பிளான் கொடுத்து அனுமதியும் வாங்கிவிட்டேன். கட்டத்தான் ஆள் இல்லை. ஒரு கொந்த்ராக்டர் வந்து அளந்துவிட்டுப் போனான், அப்புறம் போனையே எடுப்பதில்லை. இன்னொருவன் என் கோழிப் பிரட்டலை ஒரு பிடி பிடித்துவிட்டு, வேலை மட்டும் அடுத்த வருஷம்தான் என்றான்.

நம் வீட்டிலேயே ஒருத்தன் இத்தனை வருஷமாக நியூசிலாந்துக்காரனுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறான். அக்காவுக்கு ஓர் அடுப்படி கட்டக் கூடாதா? சும்மா கேட்கவில்லை. ஊருக்குக் கொடுக்கிற கூலியை அவனுக்குக் கொடுக்கிறேன், டிக்கெட் என் செலவு, மூன்று வேளைச் சோறு என் கையால். அவனிடம் கேட்டால், “பாக்கலாம்கா” என்று இழுக்கிறான். நீ சொன்னால் கேட்பான். சொல்.

இன்னொன்று. நான் எப்போது கூப்பிட்டாலும் அவன் வீட்டில்தான் இருக்கிறான். அங்கே பட்டப்பகலாக இருக்கும் நேரத்திலும் வீட்டில் இருக்கிறான். வேலை இல்லையா?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி
தினேஸ்வரி


கிரைஸ்ட்சர்ச்,
5 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் அண்ணனும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. அண்ணனுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே காலையில் கண்ணாடியெல்லாம் பனி. நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் இடம் மட்டும் சூடாக இருக்கும், அதனால் என் பாடு பரவாயில்லை.

உங்கள் தம்பி வருவார். நான் பேசிவிட்டேன். முதலில் முடியாது என்றார். மறுநாள் பழைய கருவிப் பெட்டியைத் திறந்து கொத்துக் கரண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். அப்போது அனுப்பிவைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் அண்ணி. சுவர், தரை, குழாய் எல்லாம் அவர் செய்யட்டும். கூரைக்கு மட்டும் உள்ளூரில் வேறு ஆள் வைத்துக்கொள்ள முடியுமா? கூலி கூடுதலானால் அவர் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள். இதை நான் கேட்டதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

அவரை அவசரப்படுத்தாதீர்கள். காலையில் எழுந்ததும் ஒரு வேலை இருந்தால் போதும், மீதி தானாக நடக்கும்.

உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்ளும்
பிரமிளா


சிம்பாங் பூலாய்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரமிளா,

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தை வாசலிலேயே நின்று படித்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜொஹரா பீவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். “வெளிநாட்டு பாஸ் வாராரா? எங்க சாப்பாட்டுக் கடைக்கும் ரெண்டு வேல இருக்குலா, மறந்துறாத” என்றாள். அவன் இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் இவள் வரிசையில் நிற்கிறாள்.

ஆனால் கூரைக்கு வேறு ஆள் என்றாயே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. வெளிநாடு போனவர்களுக்குக் கையில் அழுக்குப் படக் கூடாதோ? நம் வீடுகளில் சுவர் எழுப்பியவன்தானே முகட்டில் ஏறி மஞ்சள் துணி கட்ட வேண்டும்? வேறு ஆள் கட்டினால் அது யார் வீடு? என் சமையற்கட்டின் கூரை என் தம்பி கையால்தான். வேறு ஆள் வேண்டாம்.

அவனுக்கு அங்கே வேலை இல்லையா என்று கேட்டிருந்தேன். தைலம், பனி, முதியோர் இல்லம் எல்லாவற்றையும் எழுதினாய். அதற்கு மட்டும் பதில் இல்லை.

சரி, அவனைப் பத்திரமாக அனுப்பு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்,
29 ஜூன் 2025

அன்புள்ள பிரமிளா,

இங்கே எல்லாரும் நலம். தம்பி வந்து சேர்ந்ததும் நல்லபடியாக இருப்பதும் உனக்குப் போனில் தெரிந்திருக்கும். கொஞ்சம் இளைத்திருக்கிறான். அதை ஒரு மாதத்தில் சரிசெய்கிறேன். நீ கொடுத்தனுப்பிய தைலத்தை என் வீட்டுக்காரர் முட்டியில் தடவுகிற மாதிரி தெரியவில்லை, குளிக்கிற மாதிரிதான் தெரிகிறது.

வேலையைப் பற்றி எழுதுகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு சுவரை இந்தக் குடியிருப்புத் தாமானில் யாரும் பார்த்ததில்லை. செங்கல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, திருப்பி, தட்டிப் பார்த்துத்தான் வைக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு கூத்து நடந்தது. உள்பக்கம் பலகை அடித்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். எங்கிருந்து தேடிப் பிடித்து வாங்கினானோ. நான் ஏதோ புது முறை என்று வாயை மூடிக்கொண்டேன். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை, ஜன்னல் இடுக்கில் ரப்பர் பட்டை. காற்றுத் துவாரம் என்று ஓர் ஓட்டைகூட இல்லை. நாலு சுவரும் ஏறியதும், என் வீட்டுக்காரர் குறுக்கே இரும்புக் குழாய் போட்டு மேலே கேன்வாஸ் கட்டினார். அடுப்பை வைத்துப் பார்க்கலாம் என்று சாம்பாருக்குப் பருப்பை ஏற்றினேன். பருப்பு வெந்ததோ இல்லையோ, நான் வெந்துவிட்டேன். சேலையைப் பிழிந்தால் வேர்வை.

“என்னடா இது, சமையற்கட்டா, ரொட்டி சுடுற அடுப்பா?” என்று கேட்டேன்.

அப்பாவியாக என்னைப் பார்க்கிறான். “குளிரு உள்ள வராதுக்கா. பத்து வருஷம் ஆனாலும் வராது.”

“டேய், இது ஈப்போடா! இங்க எங்கடா குளிரு?”

அப்படியே நின்றுவிட்டான். கையில் ஒரு பிடி மஞ்சள் பஞ்சு. பிறகு சிரிக்க ஆரம்பித்தான் பாரு, தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஜொஹரா பீவி சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து என்ன என்ன என்று கேட்டுக் கேட்டு, விஷயம் தெரிந்ததும் அவளும் சிரித்தாள். மறுநாளே பஞ்சையெல்லாம் பிடுங்கி, சுவரில் வரிசையாகத் துவாரம் எடுத்துவிட்டான். இப்போது காற்று சும்மா வீசுகிறது.

இனி கூரைதான் பாக்கி. ஆடிக்குள் முடித்துவிடுவான்.

அன்புடன்
தினேஸ்வரி


கிரைஸ்ட்சர்ச்,
19 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். நீங்களும் அண்ணனும் அவரும் நலமாக இருக்க வேண்டும்.

மஞ்சள் பஞ்சுக் கதையை மதிய உணவு நேரத்தில் படித்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கூட வேலை செய்கிற பெண்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாகப் பஞ்சு அடைப்பது நல்ல வேலைதானே என்றார்கள். இந்த ஊரில் அவரை எல்லாரும் மெச்சுவதே அதற்குத்தான் அண்ணி. கோகிலன் கட்டிய வீட்டில் கிழவிகள் குளிரில் நடுங்க மாட்டார்கள் என்பார்கள்.

அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் உட்கார்ந்து சிரித்தார் என்று. அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

காலையில் உங்களுக்கு முன்னால் எழுந்துவிடுகிறாரா? இரவில் நன்றாகத் தூங்குகிறாரா? போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கேன் என்பதுதான் பதில். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

கூரை விஷயத்தில் நான் முன்பு கேட்டதை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்.

பிரமிளா


சிம்பாங் பூலாய்,
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரமிளா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இதற்கு மேல் இனிமையாக எழுத என்னால் முடியாது. கோபத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போய்விட்டது. இரும்புச் சட்டமும் கூரைத் தகடும் வந்து வாசலில் கிடக்கின்றன. பூனை குட்டி போட்டிருக்கிறது அதன்மேல். உன் புருஷன் என்ன செய்கிறான் தெரியுமா? தரையில் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறான். பதித்த தரை ஓடுகளைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கிறான். பின் கால்வாயைச் சீர்செய்கிறான். யாரும் கேட்காமலே ஜொஹரா பீவி வீட்டு வாசற்படிக்குச் சிமெண்ட் பூசிக் கொடுத்தான்.

யோசித்துப் பார்த்தால் சுவர் கட்டும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது. மேல் வரிசைகளுக்கு என் வீட்டுக்காரரைத்தான் ஏணியில் ஏற்றினான். லோரிக்காரர் மேலே நின்று கல் அடுக்குகிறார், கொத்தனார் கீழே நின்று, “இன்னும் கொஞ்சம் எடது பக்கம் மாமா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வயதானவரை வேலை வாங்குகிறான் என்று நான் கேலி பேசினேன்.

போன வெள்ளிக்கிழமை நல்ல நாள். கோயில் பூசாரியைக் கேட்டு நேரம் குறித்து, மஞ்சள் துணி, தேங்காய், எலுமிச்சை எல்லாம் தயாராக வைத்தேன். முகட்டுச் சட்டத்தை ஏற்றி அவன் துணியைக் கட்ட வேண்டும். பூசாரி வந்துவிட்டார். ஆள் இல்லை. திருகாணி வாங்கப் போனேன் என்று பத்து காஜா ஊரிலிருந்து சாயங்காலம் நல்ல நேரமெல்லாம் கழிந்து வந்து நிற்கிறான். ஈப்போவில் திருகாணியே கிடைக்காதா? பூசாரி தட்சணையை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இனி பொறுக்க முடியாது. மழைக்காலம் வருகிறது, கவுன்சில் ஆள் வருகிறார், தீபாவளிக்கு வீடு வீடாகப் பலகாரம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீ சொன்னபடியே கூரைக்காரன் ஒருவனைப் பேசிவிட்டேன். செப்டம்பர் கடைசியில் வருகிறான். தம்பி போட வேண்டிய கூரையை வேறொருவன் போடுவதை நான் பார்க்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது போல.

முதல் கடிதத்திலேயே வேறு ஆள் வை என்றாய். அப்படியென்றால் உனக்கு ஏதோ தெரியும். என்ன அது? என்னிடம் சொல்லக்கூடாத அளவுக்கு நான் யார் உனக்கு?

தினேஸ்வரி


கிரைஸ்ட்சர்ச்,
12 செப்டம்பர் 2025

அண்ணி,

நலம் விசாரிக்கிற தைரியம்கூட இன்று எனக்கு இல்லை. உங்கள் கோபம் நியாயமானது.

போன வருஷம் மே மாதம் அவர் விழுந்துவிட்டார். இரண்டு மாடி வீடு, கூரை வேலை. சாரத்தில் ஒரு பலகை புரண்டுவிட்டது. இடுப்பெலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. உங்களிடம் சொல்லாதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்கா அழும், உடனே கிளம்பி வந்துவிடும் என்றார்.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளியும் நல்ல மனிதர், திரும்பக் கூப்பிட்டார். முதல் நாள் போனார். ஏணியில் கொஞ்சம் ஏறி, அப்படியே இறங்கி, கருவிகளை வேனில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு போகவே இல்லை. நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் வீட்டில் இருந்தது அதனால்தான். கேட்பவர்களிடம் வேலை மந்தம் என்பார். என்னிடமும் அதையே சொன்னார், விழுந்து கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் என்பதையே மறந்தவர் மாதிரி.

நான் சமாதானம் சொன்னேன், சண்டை போட்டேன், ஒருநாள் காலில்கூட விழுந்தேன். எதுவும் நடக்கவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் வேலைக்கு ஆள் கேட்டீர்கள். நான் என் ஆளைக் கரையேற்ற ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, கையில் செங்கல் பட்டால் சரியாகிவிடுவார் என்று நினைத்தேன். உங்கள் தொழிலைப் பணயம் வைக்கிறேன் என்பதை யோசிக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

கூரைக்காரனைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும், வேறொருவன் மேலே நிற்க, இவர் கீழே நின்று பார்த்துவிட்டால் அவர் மறுபடி கரண்டியைத் தொடமாட்டார். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் உங்கள் அடுப்பு அணையக் கூடாது.

பிரமிளா


சிம்பாங் பூலாய்,
25 செப்டம்பர் 2025

என் பிரமிளா,

கடிதம் நேற்று வந்தது. கூரைக்காரன் இன்று காலை வந்தான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதிகக் கூலி கேட்கிறான் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் வாசலில் கிடக்கிற தகட்டைத் துடைத்துவைக்கப் போய்விட்டான். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் இட்லி வைக்கும்போது மட்டும் கூட இரண்டு வைத்துவிட்டேன். “என்னக்கா இது, ஆளக் கொல்றதுக்கா?” என்றான்.

எனக்கு உன்மேல் கோபம்தான். மறைத்ததற்கு இல்லை. இதையெல்லாம் நீ ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கப் போய் வந்திருக்கிறாயே, அதற்கு. இனி என்னைத் திட்டி எழுது, அழுது எழுது, மறைத்து மட்டும் எழுதாதே.

கவுன்சில் ஆள் அக்டோபர் பதினாலு வருவதாகத் தகவல். கூரை இருந்தால் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அடுப்பை மறுபடி மூட்டலாம், இவனை எங்கே போய்த் தேடுவது? என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

சாப்பிடு. தூங்கு.

தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்,
6 அக்டோபர் 2025

என் பிரமிளா,

எல்லாரும் நலம். நலம் என்றால் சும்மா பேச்சுக்கு எழுதுகிற நலம் இல்லை. உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை மத்தியானம் கேமரன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. புதுச் சமையற்கட்டில் முதல் ஈடு முறுக்கைப் போட்டுத் தாம்பாளம் தாம்பாளமாகப் பரப்பி வைத்திருந்தேன். மேலே கேன்வாஸ்தானே. காற்று அடித்த அடியில் ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து கேன்வாஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் லோரியோடு கல்லுமலையில். தம்பி ஓடிவந்து ஏணியைச் சாத்தினான். ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“தள்ளுடா” என்று சொல்லிவிட்டு நான் ஏறிவிட்டேன்.

உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். அவனை மேலே வரவழைக்க நான் திட்டம் எதுவும் போடவில்லை. ஜொஹரா பீவி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பொய். முறுக்கு நனையப்போகிறதே என்ற ஆத்திரம், அவ்வளவுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே போய், சுவர்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து கயிற்றையும் பிடித்துவிட்டேன். அதுவரை சரி. அப்புறம் கீழே பார்த்தேன்.

தரை எங்கேயோ கிடந்தது. கயிற்றைக் கட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மழை கொட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு ஜொஹரா பீவி கத்துகிறாள். “அல்லாவே! தினேசு, இந்த வயசுல என்னாலா இது? பொம்பாவுக்கு போன் போடவா?”

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, தாமானே திரண்டு, நான் சுவர்மேல் உட்கார்ந்திருப்பதை ஆளாளுக்குப் படம் பிடித்தால் என்ன ஆகும்? அதற்கு விழுந்தே விடலாம் என்று தோன்றியது. “போடாதடி!” என்று அலறினேன்.

அப்போது கீழேயிருந்து தம்பி குரல் கேட்டது. “அக்கா, அசையாத. கீழ பாக்காத. வாரேன்.”

வாரேன் என்றான், பிரமிளா.

வந்தான். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தான். மழைச் சத்தத்திலும் அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. தலை தெரிந்தது, அப்புறம் கை. என் எதிரில் அதே சுவரில் ஏறி உட்கார்ந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு பேரும் கேன்வாஸ் போட்டிருந்த இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“இப்ப என்னக்கா, ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். சிரித்து முடித்ததும், “அக்கா, ஒன்னு சொல்லணும். போன வருஷம் நான் வேல செய்ற எடத்துல...” என்று ஆரம்பித்தான். முதல்தடவை கேட்கிறவள் மாதிரி நடிக்க வேண்டும் என்று நான் எத்தனை நாளாகப் பழகி வைத்திருந்தேன்! அவன் விழுந்தேன் என்ற சொல்லுக்கு வருவதற்குள் நான் தேம்பித் தேம்பி அழுகிறேன்.

“நான் இன்னும் ஒன்னுமே சொல்லலியேக்கா, ஏன் அழுவுற?”

“மழைடா” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தான். “பிரமிளா எழுதிட்டாளா?”

நான் தலையை ஆட்டினேன். “நல்லதாப் போச்சு” என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பலகை புரண்டது, விழும்போது உன் முகம் நினைவுக்கு வந்தது, அதன்பிறகு ஏணியில் காலை வைத்ததுமே இறங்கிவிடுவது, எல்லாம். அந்த மழையில், சுவர்மேல் உட்கார்ந்துகொண்டு. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவன் முதலில் இறங்கி, என் பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தான். “எடது காலு. ம். இப்ப சோத்துக்கை பக்கம்.” தரையைத் தொட்டதும் நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் நிமிர்ந்து, அடித்துக்கொள்கிற கேன்வாஸைப் பார்த்தான்.

“போவட்டும்டா. முறுக்கு போனா போவுது” என்றேன்.

“ஏணியப் பிடிக்கா” என்றான்.

ஏறினான். யாரையும் காப்பாற்ற வேண்டியது இல்லை, யாரும் மேலே மாட்டிக்கொள்ளவும் இல்லை. ஏறி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினான். நான் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே நின்று அழுதேன். இந்தத் தடவை மழை என்று சொல்லி ஏமாற்ற அவசியம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இரும்புச் சட்டம் ஏறியது. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் மணிக்கு ஒருமுறை இறங்கி வந்து தண்ணீர் குடித்தான். சில நேரம் மேலேயே கண்ணை மூடி நின்றான். நான் பார்க்காத மாதிரி முறுக்குப் பிழிந்தேன். நேற்று கடைசித் தகடும் போட்டு, முகட்டில் அவன் கையால் மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது. பூசாரியை நான் கூப்பிடவில்லை. அவன் ஏறிய நேரம்தான் எனக்கு நல்ல நேரம்.

உன் புருஷனை உன்னிடம் முழுதாகத் திருப்பிக் கொடுக்கிறேன்.

அக்கா
தினேஸ்வரி


கிரைஸ்ட்சர்ச்,
19 அக்டோபர் 2025

அக்கா,

நீங்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டதால் நானும் இனி அப்படியே கூப்பிடுகிறேன். அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். முட்டிவலிக்காரருக்கும் என் வணக்கம்.

கூரை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். “கூரை போட்டேன்” என்றார். நான் “ம்” என்றேன். அப்படியே போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தோம். என்ன நடந்தது என்று கேட்டு அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் முழுக்கத் தெரிந்தது.

சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்து அழுதுகொண்டிருந்தேன். “யாராவது இறந்துவிட்டார்களா?” என்று கூட வேலை செய்கிற பெண்கள் ஓடிவந்தார்கள். “இல்லை, என் கணவர் ஏணியில் ஏறிவிட்டார்” என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் ஆசை இல்லை. என் சந்தோஷம் எனக்கே போதவில்லை அக்கா, அதில் பங்கு கொடுக்க மனமில்லை.

கவுன்சில் ஆள் வந்தாரா? உங்கள் லைசென்ஸ் என்ன ஆயிற்று? அவருக்கு நவம்பர் பாதியில் டிக்கெட். இங்கே அவருடைய முதலாளி விசாரித்தார். எனக்கும் கொஞ்சம் லீவு சேர்ந்திருக்கிறது. நான் அங்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று யோசிக்கிறேன். அந்தக் கூரையை நானும் பார்க்க வேண்டும்.

உங்கள் தங்கை
பிரமிளா


சிம்பாங் பூலாய்,
2 நவம்பர் 2025

தங்கை பிரமிளாவுக்கு,

இங்கே எல்லாரும் வெகு சுகம். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கவுன்சில் ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், “சியாப்பா கொந்த்ராக்டர்?” என்று கேட்டார். யார் கொந்த்ராக்டர் என்று கேட்கிறார்! “என் தம்பி” என்று நான் சொன்ன சத்தம் ஜொஹரா பீவி வீடு வரைக்கும் கேட்டதாம். அவருக்கும் ஒரு பொட்டலம் அதிரசம் கட்டிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், அவர் வேண்டாம், இதெல்லாம் வாங்கக் கூடாது என்றார். நல்ல மனிதர். தீபாவளிக்குச் சொன்ன பலகாரம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் முறுக்கு இல்லை.

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இது என்ன கேள்வி? கேட்காமல் வர வேண்டியவள் நீ. உடனே வா. இல்லாவிட்டால் உன் புருஷனை இந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். பின்வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். பஞ்சு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், என் வாய் சும்மா இருக்குமா?

டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டான். ஜொஹரா பீவியின் சாப்பாட்டுக் கடை ஒழுகுகிறது என்று அவள் மகன் ரிஷாத் வந்து கூப்பிட்டான். கடைவீடு, இரண்டு மாடி. அதைச் சொல்லும்போது நான் தம்பியின் முகத்தைத்தான் பார்த்தேன். “இடுப்புக்குக் கயிறு கட்டித்தான் ஏறுவேன், சாரம் நான் சொல்ற மாதிரி போடணும்” என்றான். அவ்வளவுதான். ஒத்துக்கொண்டான்.

இந்தக் கடிதத்தை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவனுக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்தேன். மீன் குழம்பு, அவனுக்குப் பிடித்த முருங்கைக்கீரைப் பொரியல். வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. ரோட்டில் போய் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து கத்துகிறேன். ஆகாசத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இருக்கா, இத முடிச்சிட்டு வாரேன்” என்கிறான். மறுபடி போய்க் கத்தினால், “இன்னும் ஒரே ஒரு தகடுக்கா” என்கிறான். குழம்பு ஆறுகிறது. நான் சொன்னால் இறங்கமாட்டான்.

நீயே வந்து உன் புருஷனை இறங்கச் சொல்.

உன் அக்கா
தினேஸ்வரி